பிக், ஹிக்மேன், போர்ட்: லுகேமியா நோயாளிக்கு எந்த லைன், எப்போது?

லுகேமியா என்று முடிவான அன்றோ மறுநாளோ மருந்தைத் தொடங்க வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில், மருந்தை எந்த வழியாகச் செலுத்துவது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. வார்டில் எது கைவசம் இருக்கிறது, லைன் (மருந்து செலுத்தச் சிரைக்குள் வைக்கும் குழாய்; பிக், ஹிக்மேன், போர்ட் மூன்றும் அதன் வகைகள்) போடத் தெரிந்தவர் யார் டியூட்டியில் இருக்கிறார் என்பதை வைத்தே பல இடங்களில் லைன் தீர்மானமாகிறது. நோயாளியின் அடுத்த ஒரு வருடத்தை அந்த முடிவு எவ்வளவு மாற்றும் என்பதை ஒரு நிகழ்வை வைத்துப் பார்க்கலாம்.

இதில் வரும் இளைஞர் குறிப்பிட்ட ஒருவர் அல்ல. ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் திரும்பத் திரும்பப் பார்க்கும் பலருடைய போக்கை ஒருவர்மேல் வைத்து எழுதியிருக்கிறேன். அவருடைய பரிசோதனை எண்களும் அப்படி அமைந்தவைதான். ஆய்வுகளைச் சொல்லும் இடங்களில் வரும் எண்கள் மட்டும் வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்தவை.

நோயாளி

வயது 26. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறியில் வேலை. ஒரு மாதமாகச் சோர்வு, பல் துலக்கினால் ஈறில் ரத்தம், கடைசி ஒரு வாரம் காய்ச்சல். வந்தபோது ஹீமோகுளோபின் 6.4, வெள்ளணுக்கள் 38,000, தட்டணுக்கள் 14,000. வெள்ளணுக்களில் பெரும்பகுதி பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் பி-செல் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்று உறுதி செய்தன. பிலடெல்ஃபியா குரோமோசோம் என்ற மரபணு மாற்றம் இல்லை. இதயத்தைப் பார்க்கும் எக்கோ நார்மல்.

எங்களிடம் வருவதற்குள் இரண்டு கைகளிலும் நீலம் பாரித்திருந்தது. தட்டணு குறைந்தவருக்கு ஊசி குத்திய ஒவ்வொரு இடத்திலும் ரத்தம் கசிந்து தோலுக்கடியில் பரவும். "நரம்பே சிக்க மாட்டேங்குதுங்க டாக்டர், இன்னும் எத்தன தடவ குத்துவாங்க?" என்பதுதான் அவருடைய அம்மா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. நோயின் பெயரைப் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது.

ஏன் சென்ட்ரல் லைன்

இந்த நோய்க்கான முதல் கட்டச் சிகிச்சையில் ஸ்டீராய்டோடு வின்கிரிஸ்டின், டானோரூபிசின், அஸ்பராஜினேஸ் ஆகியவை தருகிறோம். வின்கிரிஸ்டினும் டானோரூபிசினும் சிரையை விட்டு வெளியே கசிந்தால் தோலையும் தசையையும் அரித்துப் புண்ணாக்கும். புறங்கையில் கசிந்தால் விரலை நீட்டும் தசைநாண்கூடப் போய்விடலாம். இத்தகைய மருந்தை ரத்த ஓட்டம் அதிகமுள்ள பெரிய சிரையில் விட வேண்டும். அதற்காகத்தான் குழாயின் முனையை மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைத் தொடும் இடத்தில் வைக்கிறோம். அங்கே ரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்து நீர்த்துவிடும், சிரையின் சுவரை எரிக்காது.

மருந்து மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. தினமும் ரத்தப் பரிசோதனை, இரண்டு நாளுக்கொரு முறை தட்டணு, காய்ச்சல் வந்தால் மூன்று வேளை ஆன்டிபயாடிக், சில சமயம் பூஞ்சைக்கு ஆம்போடெரிசின். கைச்சிரைகளால் இதையெல்லாம் தாங்க முடியாது.

முதல் முடிவு

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. கழுத்தில் போடும் சாதாரண சென்ட்ரல் லைனை முதலில் ஒதுக்கினோம். தீவிர சிகிச்சையில் சில நாட்களுக்கு அது நன்றாக உதவும். ஆனால் தோலைத் துளைத்து நேராகச் சிரைக்குள் போவதால் கிருமி நுழையும் தூரம் மிகக் குறைவு. ஒரு மாதத்துக்கு மேல் வெள்ளணு இல்லாமல் கிடக்கப் போகிறவரின் கழுத்தில், தாடிக்கும் வியர்வைக்கும் பக்கத்தில் அதை வைத்திருப்பது நல்ல யோசனை இல்லை. வீட்டுக்கும் அதோடு அனுப்ப முடியாது.

போர்ட் என்பது நெஞ்சுத் தோலுக்கடியில் தைத்து வைக்கும் சிறிய அறை. அதன் மேல்பக்கம் சிலிக்கான் சவ்வு. அதிலிருந்து ஒரு குழாய் பெரிய சிரைக்குள் போகும். மருந்து தேவைப்படும்போது ஹ்யூபர் ஊசி என்ற தனி வகை ஊசியால் தோலுக்கு மேலிருந்து குத்துவோம். சவ்வைத் துண்டாக வெட்டி எடுக்காதபடி அதன் முனை வளைந்திருக்கும். ஊசியை எடுத்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது, குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். ஆனால் இவருக்குத் தட்டணு 14,000, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் ஏறக்குறைய இல்லை. போர்ட்டுக்காகத் தோலுக்கடியில் பை மாதிரி ஓர் இடம் வெட்ட வேண்டும். அங்கே ரத்தம் தேங்கினால், அந்தத் தேங்கிய ரத்தத்தில் கிருமி வளர்ந்தால், போர்ட்டையே எடுக்க வேண்டிவரும். வெள்ளணு இல்லாதவருக்கு அந்தக் காயமும் ஆறாது. இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. போர்ட்டின் பெரிய நன்மையே தோல் மூடியிருப்பதுதான். முதல் கட்டத்தில் ஊசி இரவும் பகலும் குத்தியபடியே இருக்கும், வாரம் ஒரு முறை மாற்றிக் குத்துவோம். அப்படியானால் தோல் மூடியிருக்கிறது என்ற நன்மையே இல்லாமல் போகிறது.

ஹிக்மேன் தோலுக்கடியில் சுரங்கம் போல ஓடி நெஞ்சில் வெளியே வரும் குழாய். சுரங்கத்துக்குள் ஒரு டேக்ரான் பட்டை இருக்கும். சில வாரங்களில் திசு அதனுள் வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும், கிருமி ஏறும் வழியையும் அடைக்கும். நல்ல லைன். ஆனால் அந்தச் சுரங்கத்தைக் குடைவதற்கும் ரத்தம் உறைய வேண்டுமே. தட்டணு ஏறும்வரை அதைத் தள்ளிவைக்கலாம் என்று நினைத்தோம்.

மிஞ்சியது பிக். மேல்கையில் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே குத்தி, நெஞ்சுக்குள் பெரிய சிரைவரை நீளமாகச் செலுத்தும் மெல்லிய குழாய். ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்தி நிறுத்தலாம். படுக்கையிலேயே போடலாம், அறுவை அரங்கம் வேண்டாம். வேண்டாதபோது இழுத்து எடுத்துவிடலாம். தட்டணு மிகக் குறைந்த லுகேமியா நோயாளிக்கு முதல் லைனாக நான் பிக்கைத்தான் விரும்புவேன்.

தட்டணு 14,000 இருக்கும்போது முன்கூட்டியே தட்டணு ஏற்ற வேண்டுமா என்பதில் நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. நெதர்லாந்தில் நடந்த பேசர் என்ற ஆய்வு 2023-இல் வெளியானது. தட்டணு 10,000 முதல் 50,000 வரை இருந்தவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் உதவியோடு மைய லைன் போட்டார்கள். முன்கூட்டித் தட்டணு ஏற்றியவர்களில் குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு 4.8 சதவீதம், ஏற்றாதவர்களில் 11.9 சதவீதம். இவருக்கு ஒரு யூனிட் எஸ்.டி.பி. (ஒரே கொடையாளியிடமிருந்து எடுத்த தட்டணு) ஏற்றி, அது முடிந்த கையோடு லைன் போட்டோம்.

எந்தக் கை, எத்தனை வழி

வலது கை முழங்கைக்கு மேலே பேசிலிக் சிரையின் விட்டம் 4.1 மில்லிமீட்டர். கையை இறுக்கும் பட்டையான டூர்னிக்கே கட்டாமல் அளந்தது. கட்டி அளந்தால் சிரை உப்பித் தெரியும், பொய்யான நம்பிக்கை கிடைக்கும். குழாய் சிரையின் விட்டத்தில் 45 சதவீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதை மீறினால் குழாயைச் சுற்றி ரத்தம் தேங்கும், தேங்கிய ரத்தம் உறையும். குழாயின் தடிமனை ஃப்ரெஞ்சு என்ற அலகில் சொல்வோம். 4 ஃப்ரெஞ்சு குழாயின் வெளிவிட்டம் சுமார் 1.3 மில்லிமீட்டர், அதற்கு 3 மில்லிமீட்டர் சிரை போதும். 5 ஃப்ரெஞ்சு என்றால் சுமார் 1.7, அதற்கு 3.7-க்கு மேல் வேண்டும்.

அளவை வைத்துப் பார்த்தால் இரண்டு வழியுள்ள, அதாவது உள்ளே இரண்டு தனித்தனிப் பாதைகள் ஓடும், 5 ஃப்ரெஞ்சும் போட்டிருக்கலாம். "ரெண்டு வழி இருந்தா நர்ஸுங்களுக்கு வசதி சார்" என்று எங்கள் பயிற்சி மருத்துவர் சொன்னார். சொன்னதில் தவறில்லை. ஆனால் அஸ்பராஜினேஸ் தரப் போகிறோம். அந்த மருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் கல்லீரலில் உற்பத்தியாவதைக் குறைக்கும். அது குறைந்தால் ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறையும். ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜனும் குறைவதால் அதே மருந்தால் ரத்தக்கசிவும் வரலாம். அப்படிப்பட்ட உடலில் தேவைக்கு மேல் தடிமனான குழாய் எதற்கு? இந்த நோயின் முதல் கட்ட மருந்துகளில் பெரும்பாலானவை சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முடிந்துவிடும். ஒரு வழி போதும். அவசரத்துக்குக் கையில் ஒரு சாதாரண ஊசி.

அக்யூட் மைலாய்டு லுகேமியாவாக இருந்தால் நானே இரண்டு வழி கேட்டிருப்பேன். அதில் சைட்டராபின் ஏழு நாள் இரவும் பகலும் ஓடும், அதில் முதல் மூன்று நாள் டானோரூபிசினும். ஒரே வழியில் தட்டணுவும் ஆன்டிபயாடிக்கும் எப்போது கொடுப்பது? நோயின் பெயர் ஒரு சொல் மாறினால் லைனும் மாறும்.

4 ஃப்ரெஞ்சு, ஒரு வழி, வலது பேசிலிக். முனையின் இடத்தை ஈ.சி.ஜி. பார்த்து உறுதி செய்தோம். முனை வலது மேலறையை நெருங்கும்போது ஈ.சி.ஜி.யில் பி எனப்படும் அலை உயர்ந்துகொண்டே போய் உச்சம் தொடும், அங்கே நிறுத்த வேண்டும். முழங்கைக்கு மேலே 10 சென்டிமீட்டரில் கையின் சுற்றளவை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதினோம்: 25.5 சென்டிமீட்டர். இந்த ஒரு வரியை எழுதப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கை வீங்கிய நாள்

மூன்றாவது வாரம். அஸ்பராஜினேஸ் சில டோஸ் முடிந்திருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சட்டைக் கை இறுக்கமாக இருப்பதைக் கவனித்தது அம்மாதான். "ஊசி போட்ட கை கொஞ்சம் கனமா இருக்குன்னு சொல்றானுங்க." டேப் வைத்து அளந்தால் 28 சென்டிமீட்டர். தோளுக்குக் கீழே நெஞ்சின் வலது பக்கம் மெல்லிய நீலச் சிரைகள் புதிதாகத் தெரிந்தன. ரத்தம் மாற்றுப் பாதை தேடுகிறது என்பதற்கு அது அடையாளம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அக்குள் சிரையிலும் காரை எலும்புக்குக் கீழுள்ள சிரையிலும் ரத்தக்கட்டி. கழுத்துச் சிரை திறந்திருந்தது.

பிக்கில் ரத்தக்கட்டி அபூர்வம் அல்ல. 2013-இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு, மற்ற மைய லைன்களைவிடப் பிக்கில் ஆழ்சிரை உறைவுக்கான வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று காட்டியது. புற்றுநோயாளிகளில் பிக் போட்டவர்களுக்கு 6.67 சதவீதம், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 13.91 சதவீதம். காரணம் நேரடியானது. கைச்சிரை சிறியது, குழாய் அதில் நெடுந்தூரம் கிடக்கிறது, முழங்கையும் தோளும் அசைய அசைய அது சிரையின் உட்சுவரை உரசுகிறது. இவருக்கு அதோடு அஸ்பராஜினேஸும் ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டன.

இங்கேதான் பெரும்பாலான இடங்களில் கை பரபரக்கிறது. கட்டி வந்துவிட்டது, உடனே குழாயை உருவு என்பார்கள். நாங்கள் உருவவில்லை. குழாய் வேலை செய்தது, ரத்தம் திரும்பி வந்தது, முனை சரியான இடத்தில் இருந்தது, கிருமித் தொற்று இல்லை, லைன் இன்னும் தேவை. இந்த நிலையில் குழாயை வைத்துக்கொண்டே ரத்தம் உறையாத மருந்து தரலாம் என்றுதான் வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. எடுத்துவிட்டு இடது கையில் இன்னொன்று போட்டால் அங்கும் கட்டி வரும் வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் கெட்டுப்போனால், பிற்பாடு மஜ்ஜை மாற்றுக்கு எங்கே போவது?

தட்டணு அன்று 62,000. எனாக்ஸபாரின் முழு அளவில், எடைக்கேற்ப இரண்டு வேளை தொடங்கினோம். 50,000-க்குக் கீழே இறங்கினால் பாதி அளவு, 25,000-க்குக் கீழே போனால் நிறுத்துவது என்று வார்டு போர்டிலேயே எழுதி ஒட்டினோம். அஸ்பராஜினேஸைச் சில நாள் தள்ளி, வீக்கம் வடியத் தொடங்கியதும் ஃபைப்ரினோஜனைப் பார்த்துப் பார்த்து மறுபடி தொடங்கினோம். இந்த நோயில் அது முக்கியமான மருந்து, ஒரு கட்டிக்காக அதைக் கைவிடக் கூடாது. இரண்டு வாரத்தில் சுற்றளவு 26-க்கு வந்தது.

வீட்டில் ஒரு லைன்

முதல் கட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபோது லைனும் கூடவே போனது. பிக்கும் ஹிக்மேனும் வாரம் ஒரு முறை ஃப்ளஷ் கேட்கும், அதாவது அடைக்காமலிருக்க சலைனைத் தள்ளிக் கழுவ வேண்டும், டிரெஸ்ஸிங்கும் வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ அன்றே. மருத்துவமனைக்கு அவர் ஊரிலிருந்து இரண்டு பஸ். ஒவ்வொரு வாரமும் வர முடியாது என்பதால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் கற்றுக்கொடுத்தோம்.

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. லைன் தேர்வில் பாதி இதுதான். கையைச் சோப்பால் கழுவுவது, இணைப்பின் வாயை ஆல்கஹால் துணியால் அழுத்தித் தேய்த்துக் காயவிடுவது, 10 மில்லி சிரிஞ்சைத் தவிர வேறெதையும் தொடாதது, கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மறுபடி தள்ளி என்று விட்டுவிட்டு ஃப்ளஷ் செய்வது. சிறிய சிரிஞ்சில் அழுத்தம் பல மடங்கு ஏறும், குழாய் உள்ளுக்குள்ளேயே கிழியலாம். அக்கா தறிக்கு நூல் கோத்த கை, முதல் தடவையே எங்கள் செவிலியரைவிட நிதானமாகச் செய்தார்.

குளிக்கும்போது மேல்கையைப் பாலித்தீன் சுற்றி மூட வேண்டும். கிணற்றிலோ வாய்க்காலிலோ இறங்கக் கூடாது. டிரெஸ்ஸிங் ஓரத்தில் மஞ்சள் பூசக் கூடாது. அந்தக் கையில் பி.பி. பட்டை கட்டவோ ரத்தம் எடுக்கவோ கூடாது. தறி ஓட்டக் கூடாது, பஞ்சுத் தூசிக்குப் பக்கத்திலும் போகக் கூடாது.

ஒரு முறை காய்ச்சலுக்கு ஊரில் ஒரு கிளினிக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் இந்தக் குழாயைப் பார்த்ததே இல்லை. 2 மில்லி சிரிஞ்சால் மருந்து தள்ளப் போனபோது அக்கா தடுத்து நிறுத்தி, நாங்கள் கொடுத்திருந்த அட்டையைக் காட்டியிருக்கிறார். லைன் தப்பியது. எங்கள் பக்கத்துச் சிறிய ஊர்களில் பிக் பார்த்த செவிலியர்கள் குறைவு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

"போர்ட் வெச்சா என்னங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் அக்காதான். பக்கத்துத் தெருவில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒரு பெண்மணிக்கு நெஞ்சில் போர்ட். அவர் சாதாரணமாகக் குளிக்கிறார், கடைக்குப் போகிறார். தம்பிக்கு மட்டும் ஏன் இந்தக் குழாய்?

நியாயமான கேள்வி, அறிவியலும் அந்தப் பெண்மணியின் பக்கம்தான் இருக்கிறது. பிரிட்டனில் 18 புற்றுநோய்ப் பிரிவுகளில் 1,061 பேரை வைத்து நடந்த காவா ஆய்வு 2021-இல் லான்செட்டில் வெளியானது. மூன்று லைன்களையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பெரிய ஆய்வு அது. போர்ட்டையும் ஹிக்மேனையும் ஒப்பிட்டபோது சிக்கல்கள் போர்ட்டில் 29 சதவீதம், ஹிக்மேனில் 43. போர்ட்டையும் பிக்கையும் ஒப்பிட்டபோது 32-க்கு 47. பிக்கும் ஹிக்மேனும் 52-க்கு 49, அந்த இரண்டில் பிக் தாழ்ந்ததல்ல என்று நிறுவ ஆய்வால் முடியவில்லை. போர்ட்தான் முன்னணி.

ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையினர் திடக்கட்டிப் புற்றுநோயாளிகள். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை வந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, அன்றோ ஓரிரு நாளிலோ வீடு திரும்புகிறவர்கள். தட்டணுவும் வெள்ளணுவும் நன்றாக இருக்கும்போது போர்ட் வைத்துக்கொண்டவர்கள். அக்யூட் லுகேமியாவின் முதல் மாதம் அப்படிப்பட்டதல்ல. காவாவைக் காட்டி லுகேமியா வார்டில் எல்லோருக்கும் போர்ட் வை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே சமயம், ரத்தப் புற்றுநோய் என்றாலே போர்ட் கூடாது என்று ஒதுக்குகிறவர்களோடும் இல்லை. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கு ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கூட்டைத் தருகிறோம். அவருக்குத் தட்டணு நன்றாக இருக்கும், மருந்தோ சிரையை எரிக்கும். போர்ட் அவருக்கென்றே செய்தது போலப் பொருந்தும். லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா உள்ள குழந்தைக்கு, நோய் கட்டுக்குள் வந்து எண்ணிக்கைகள் ஏறிய பிறகு, இரண்டு வருடத்துக்கு மேல் நீளும் சிகிச்சைக்குப் போர்ட்தான் நல்லது. பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம். பெண்களுக்குப் போர்ட் வைக்கும்போது ரவிக்கைப் பட்டையும் தாலிக்கொடியும் உரசாத இடமாகப் பார்த்து முன்கூட்டியே பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும், உட்கார வைத்து, உடுத்தியபடியே. படுக்க வைத்துக் குறித்தால் எழுந்ததும் தோல் நகர்ந்துவிடும்.

போர்ட்டின் விலையும் அதை வைக்கும் செலவும் பிக்கைவிட அதிகம், எடுக்கவும் இன்னொரு சிறு அறுவை வேண்டும். ஆனால் பயன்படுத்தாத நாட்களில் மாதம் ஒரு ஃப்ளஷ் போதும். ஊரிலிருந்து வாராவாரம் பஸ் ஏறும் செலவையும் கூலி இழப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நீண்ட சிகிச்சையில் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். அக்காவிடம் இதைத்தான் சொன்னோம்: தம்பிக்கு எண்ணிக்கை ஏறட்டும், தொடர் சிகிச்சைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் போர்ட் வைப்போம்.

அதற்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த கட்டத்துக்குப் பிறகும் மஜ்ஜையில் மிச்ச நோய் இருந்தது. மஜ்ஜை மாற்று வேண்டும். அக்காவின் ஹெச்.எல்.ஏ. (திசு வகை) முழுமையாகப் பொருந்தியது.

ஹிக்மேன்

மஜ்ஜை மாற்றுக்கும் இந்த லைனுக்கும் பழைய உறவு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1973-இல் பிரோவியாக் என்ற மருத்துவர், சிரை வழியே உணவு தருவதற்காகப் பட்டை வைத்த குழாயை அறிமுகப்படுத்தினார். அதே ஊரில் மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்கு அந்தக் குழாயின் உள்விட்டம் போதவில்லை. ராபர்ட் ஹிக்மேன் என்ற குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் அதைப் பெரிதாக்கி 1979-இல் வெளியிட்டார். ரத்தம் எடுக்கவும், ஏற்றவும், மருந்தும் உணவும் தரவும் ஒரே குழாய். தேவை அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படித்தான்.

பழைய ரத்தக்கட்டி இருந்ததால் முதலில் சிரைகளைக் காட்டும் சி.டி. வீனோகிராம் எடுத்தோம். வலது கழுத்துச் சிரையும் மேற்பெருஞ்சிரையும் திறந்திருந்தன, காரை எலும்புச் சிரையில் பழைய கட்டி பெரும்பாலும் கரைந்திருந்தது. இடது பக்கம் போடலாமே என்று பேச்சு வந்தது. இடது வழி நீளமானது, வளைந்து போவது, முனை சிரைச் சுவரில் முட்டி நிற்கும் வாய்ப்பு அதிகம். வலதே போதும் என்று முடிவு செய்தோம். தட்டணு 88,000. எனாக்ஸபாரினை 24 மணி நேரம் முன்பே நிறுத்தி, இரண்டு வழி ஹிக்மேன் போட்டு, பிக்கை எடுத்தோம்.

வழிகளை அன்றே பிரித்தோம். வெள்ளை வழியில் மட்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின், சிவப்பு வழியில் ரத்தம் எடுப்பது. இதைக் கடுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும். சைக்ளோஸ்போரின் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதே வழியில் ரத்தம் எடுத்து அளவு பார்த்தால் பொய்யாக உயர்ந்து காட்டும், மருந்தைக் குறைத்துவிடுவோம், அப்புறம் புதிய மஜ்ஜை உடலைத் தாக்கத் தொடங்கும். லைப்போசோமல் ஆம்போடெரிசின் தரும்போது சலைனால் ஃப்ளஷ் செய்தால் படிந்துவிடும், முன்னும் பின்னும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்.

மாற்றுக்குப் பிறகு ஆறாவது நாள், வெள்ளணு பூஜ்யத்தில் இருக்கும்போது 39 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம். ஹிக்மேனின் இரண்டு வழியிலும் கையிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினோம். ஹிக்மேன் குப்பி கைக்குப்பியைவிட 150 நிமிடம் முந்தி வளர்ச்சி காட்டியது. 120 நிமிடமோ அதற்கு மேலோ முந்தினால் கிருமியின் இருப்பிடம் லைன் என்று எடுத்துக்கொள்கிறோம். கிருமி கோயாகுலேஸ்-நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ். தோலில் இருந்து வருவது, பெரும்பாலும் இணைப்பைத் தொட்ட கையிலிருந்து.

டெய்கோபிளானின் தொடங்கி, குழாய்க்குள்ளும் ஆன்டிபயாடிக்கை நிரப்பி சில மணி நேரம் பூட்டி வைத்தோம். 72 மணி நேரத்தில் கல்ச்சர் சுத்தம். லைன் பிழைத்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸோ கேண்டிடா பூஞ்சையோ சூடோமோனாஸோ வந்திருந்தால் எடுத்திருப்போம். சுரங்கத்தின் மேல் தோல் சிவந்து அழுத்தினால் சீழ் வந்தாலும் அப்படித்தான். நம் நாட்டு வார்டுகளில் மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகள் அதிகம் வருகின்றன. அவை வந்தால் லைனைக் காப்பாற்றப் பார்த்து உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

ரத்தமும் தட்டணுவும் ஏற்றத் தேவையில்லாமல் போய், சைக்ளோஸ்போரின் மாத்திரைக்கு மாறி, இரண்டு வாரம் நிலையாக இருந்த பிறகு ஹிக்மேனை எடுத்தோம். பட்டையில் திசு வளர்ந்து பிடித்திருந்ததால், மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு கீறல் போட்டுப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி இழுப்போம். உட்கார்ந்த நிலையில் இழுத்தால் காற்று சிரைக்குள் உறிஞ்சப்படும் ஆபத்து உண்டு.

திரும்பிப் பார்க்கும்போது

முதல் நாளே ஹிக்மேன் போட்டிருந்தால் கை வீங்கியிருக்காது என்று ஒரு வாதம் வரும். கைக்கட்டி வந்திருக்காது என்பது உண்மை. தட்டணு 14,000-இல் சுரங்கம் குடைந்ததால் நெஞ்சில் ரத்தம் தேங்கி, வெள்ளணு இல்லாத நேரத்தில் அது சீழ்பிடித்திருந்தால் அவர் மஜ்ஜை மாற்றுவரை வந்திருப்பாரா என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். எனக்கு இன்றும் பிக்தான் சரியான முதல் தேர்வாகப் படுகிறது. ஒரு வழியோடு நிறுத்திக்கொண்டதும் சரி.

ஒரு வகை லுகேமியாவில் மட்டும் பிக்குக்குக்கூட நான் அவசரப்பட மாட்டேன். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியாவில் முதல் நாட்களில் ரத்தம் உறையும் முறையே குலைந்திருக்கும். தட்டணு ஏற்றினாலும் குத்திய இடம் நிற்காமல் கசியலாம். அங்கே உயிர்காக்கும் முதல் மருந்தான அட்ரா மாத்திரையாக வாய்வழி தரப்படுகிறது. ஆர்செனிக் ட்ரைஆக்ஸைடைத் தொடக்கத்தில் கைச்சிரையிலேயே கொடுக்கலாம். ஃபைப்ரினோஜனும் தட்டணுவும் ஏறும்வரை சென்ட்ரல் லைனைத் தள்ளிவைப்பதுதான் நல்லது.

வேறொரு ஊருக்கோ மருத்துவமனைக்கோ நோயாளியை அனுப்பும்போது லைனின் விவரமும் கூடப் போக வேண்டும்: வகை, ஃப்ரெஞ்சு அளவு, எத்தனை வழி, எந்தச் சிரை, உள்ளே எத்தனை சென்டிமீட்டர், முனை எங்கே, போட்ட தேதி, கையின் ஆரம்பச் சுற்றளவு, கடைசி ஃப்ளஷ் தேதி. ஓர் அட்டையில் எழுத ஐந்து நிமிடம் ஆகும். தமிழில் எழுதினால் வீட்டாரும் படிப்பார்கள். இவருடைய அட்டையைப் படித்துத்தான் அக்கா அந்த 2 மில்லி சிரிஞ்சைத் தடுத்தார்.